கிளாண்டைக் காலத்துப் படம்: எடுத்த இடத்தையும் ஆண்டையும் கண்டுபிடிப்பது எப்படி

கனடாவின் வடமேற்கே யூக்கான் பகுதியில் நடந்த கிளாண்டைக் தங்க வேட்டைக் காலத்துப் படம் ஒன்று கையில் கிடைத்தால், முதலில் அதன் அடிக்குறிப்பை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பாருங்கள். நெகட்டிவ்கள் ஸ்டூடியோ விட்டு ஸ்டூடியோ கைமாறியபோது பெயரும் எண்ணும் சேர்ந்து மாறின. ஒரே காட்சி இரண்டு பேர் பெயரில் கிடைப்பது சகஜம். நெகட்டிவான கண்ணாடித் தகட்டில் மையால் எழுதினால் அச்சில் வெள்ளையாக விழும், சுரண்டி எழுதினால் கறுப்பாக விழும். வெள்ளை எழுத்துக்குப் பக்கத்தில் கருந்தழும்பு தெரிந்தால் பழைய பெயரை யாரோ சுரண்டியிருக்கக்கூடும்.

எரிக் ஹெக் எடுத்த படங்களின் பெருந்தொகுப்பு சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. படம் எடுத்த இடத்தைத் தேட அக்காலத்து வரைபடங்களும் வேண்டும்; அவற்றை இன்றைய நிலத்தின்மேல் பொருத்தித்தான் தேடப் போகிறோம். அவற்றுக்கு வைட்ஹார்ஸில் உள்ள யூக்கான் ஆவணக் காப்பகத்தையும் கனடா நூலக, ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட வேண்டும். கிளாண்டைக்கை ஆங்கிலத்தில் 'ஐ' வைத்தும் எழுதினார்கள், 'ஒய்' வைத்தும் எழுதினார்கள். அலாஸ்காவின் துறைமுக ஊரான ஸ்காக்வேயின் ஆங்கிலப் பெயரில் இன்று 'டபிள்யூ' நிற்கும் இடத்தில் அன்று 'யூ' இருந்தது. யூக்கான் ஆற்றின் மேல்பகுதி பழைய வரைபடங்களில் லூயிஸ் ஆறு. போனான்சா ஓடைக்கு, 1896 ஆகஸ்ட் 16 அன்று அங்கே தங்கம் கிடைக்கும்வரை, ராபிட் ஓடை என்று பெயர்.

எல்லாப் பழைய வரைபடமும் அளவெடுக்கத் தகுந்ததல்ல. 1897இல் கப்பல் கம்பெனிகளும் கடைக்காரர்களும் ஆள் சேர்க்க அச்சிட்டவை விளம்பரத் தாள்கள். அவற்றில் ஊர்ப் பெயர்களையும் பாதைகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டையும் நம்ப வேண்டாம். அலாஸ்கா எல்லைத் தகராறு 1903இல்தான் தீர்ந்தது. அதற்கு முன், ஸ்காக்வேயும் பக்கத்து ஊரான டையீயும் எந்த நாட்டில் என்பது அச்சிட்டவரின் நாட்டைப் பொறுத்தது. கனடா நில அளவைத் துறை, புவியியல் துறை வரைபடங்களோடு வேலையைத் தொடங்குவதே நல்லது.

துணியில் ஒட்டி மடித்த வரைபடமானால், மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். முழுத் தாளையும் ஒரே படமாகப் பொருத்தினால் மடிப்புக்கு மடிப்பு பிழை கூடும். 400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் வெட்டித் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், பழைய தாளை இன்றைய நிலத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சரைத் திறந்துகொள்ளுங்கள். தங்க வேட்டையின் மைய ஊரான டாசனும் தங்க ஓடைகளும் யூடிஎம் என்ற மீட்டர் கட்ட முறையில் 7ஆம் மண்டலத்தில் (மென்பொருளில் தேர்ந்தெடுக்க ஈபிஎஸ்ஜி எண் 32607) வரும்; டையீயிலிருந்து ஏறும் சில்கூட் கணவாய் 8ஆம் மண்டலம் (32608). இதைக் கலந்து குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பழைய தாளிலும் இன்றைய நிலப்படத்திலும் ஒரே இடமென்று தெரியும் 10 முதல் 12 புள்ளிகள் எடுங்கள், ஆனால் ஓடை வளைவிலும் குடிசையிலும் புள்ளி வைக்காதீர்கள். வாளிகள் கோத்த மிதவைத் தூர்வாரும் இயந்திரங்கள் 1899 முதல் 1960கள்வரை போனான்சா பள்ளத்தாக்கு உள்ளிட்டவற்றைப் புரட்டிப் போட்டுவிட்டன. செயற்கைக்கோள் படத்தில் புழுத்தடம்போல் தெரிவதெல்லாம் அவை கக்கிய கல்மேடுகள். மலைமுகடுகளும் பெரிய ஆறுகள் கூடும் இடங்களில் உள்ள பாறைச் சரிவுகளும் நிலைத்தவை. டாசனுக்கு வடக்கே வெளிறிய வெட்டுப்போல் நிற்கும் மூஸ்ஹைட் மண்சரிவு அன்றைய படங்களிலும் தெரிகிறது, இன்றும் நிற்கிறது. அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

முதல் முயற்சிக்கு 'பாலினாமியல் 1' என்ற எளிய மாற்றம் போதும். தாளை ரப்பர்போல் வளைக்கும் தின்-பிளேட் ஸ்பிளைன் மாற்றம் போட்டால் பிழை சைபர் என்று காட்டும். மயங்க வேண்டாம், எல்லாப் புள்ளியையும் வலிந்து இழுத்து ஒட்டவைப்பதால் வரும் சைபர் அது. மூன்று புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, பிறகு அவற்றில் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த தாளில் 1 மில்லிமீட்டர் 63 மீட்டர். 150 மீட்டர் விலகல் என்றால் பரவாயில்லை.

அடுத்து க்ளெய்ம் எண். க்ளெய்ம் என்பது தோண்டும் உரிமை பெற்ற நிலத்துண்டு. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் பள்ளத்தாக்கின் போக்கில் 500 அடி நீளம். போனான்சாவில் முதல் கண்டுபிடிப்பு இடத்திலிருந்து 'மேலே', 'கீழே' என்று எண்ணினார்கள். போனான்சாவில் கலக்கும் எல்டொராடோ ஓடையில் முகத்துவாரத்திலிருந்து 1, 2, 3 என்று ஏறும். குறிப்பில் '16 எல்டொராடோ' என்றிருந்தால், முகத்துவாரத்திலிருந்து 7,500 முதல் 8,000 அடி, அதாவது 2.3 முதல் 2.4 கிலோமீட்டர் உள்ளே. ஓடையின் நெளிவுகளை அளக்காமல் பள்ளத்தாக்கின் நடுக்கோட்டில் அளங்கள். அப்படியும் அச்சாக உட்காராது, ஏனென்றால் முதலில் அளந்தது அவசரத்தில். கனடா அரசின் நில அளவையாளர் வில்லியம் ஓகில்வி 1897இல் மறு அளவை செய்தபோது, பலர் கூடுதலாக வளைத்திருந்தது தெரிந்து, இடையில் துண்டு நிலங்கள் முளைத்தன. ஆகவே கணக்கில் வந்த இடத்துக்கு இரு பக்கமும் நூறு, இருநூறு மீட்டர் தேடுங்கள்.

படத்தை நிலத்தோடு பொருத்த, முப்பரிமாண நிலக்காட்சி காட்டும் ஏதாவது ஒரு செயலி போதும். அருகில் ஒரு மலைத்தோள், நடுவில் ஒன்று, தூரத்தில் ஒரு சிகரம் என மூன்று அடையாளங்கள் எடுங்கள். தூரச் சிகரம் அருகிலுள்ள தோளுக்கு வலப்பக்கம் எட்டிப் பார்த்தால், செயலியிலும் அப்படியே எட்டிப் பார்க்கும்வரை நிற்குமிடத்தை நகர்த்துங்கள். மலை பொருந்தவே மாட்டேனென்றால் படத்தை இடம் வலம் திருப்பிப் பாருங்கள். தகட்டின் பின்பக்கத்தை வைத்து ஸ்கேன் செய்தவை உண்டு. கடைப் பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

ஆண்டுக்குக் கட்டடங்களே சாட்சி. ஸ்காக்வேயின் பிராட்வே தெருவில் தண்டவாளம் தெரிந்தால் 1898 ஜூனோ அதற்குப் பின்னோ. டாசனின் ஆற்றோரத் தெரு நெருக்கமாக இருந்து, அடுத்த படத்தில் கரிக்கட்டையாகக் கிடந்தால், 1899 ஏப்ரல் 26 தீ நடுவில் வந்து போயிருக்கலாம்; ஆனால் 1897, 1898இலும் அந்த ஊர் எரிந்தது. டாசனில் உள்ள யூக்கான் ஆணையர் மாளிகை படத்தில் இருந்தால் 1901க்கு முன் போகாது.

நிழலையும் அளந்து பாருங்கள். டாசன் வட அகலாங்கு 64 பாகையில் இருப்பதால் ஜூன் நண்பகலில் சூரியன் சுமார் 49 பாகை உயரம். கம்பத்தின் நிழல் கம்பத்தைவிடச் சற்றுக் குட்டை. டிசம்பர் நண்பகலில் 3 பாகைகூட ஏறாது, சமதரையில் நிழல் கம்பத்தைப்போல் 20 மடங்குக்கு மேல் நீளும். 'கிறிஸ்துமஸ் நாள்' என்று எழுதிய படத்தில் குட்டை நிழல் விழுந்திருந்தால் குறிப்பு பொய். வானம் வெறும் வெள்ளையாக இருப்பதை மட்டும் மேகமூட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய தகடுகள் நீலத்துக்கு அதிகமாக உணர்ந்ததால் தெளிந்த வானமும் வெளுத்துத்தான் விழும்.

முடிவைப் பதியும்போது மூலக்குறிப்பைத் திருத்தாமல் அப்படியே வைத்து, உங்கள் கணிப்பைத் தனி வரியில், எந்த மூன்று அடையாளங்களை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதோடு எழுதுங்கள்.