ஒன்றில் மாற்றினால் இன்னொன்றிலும் மாறிய அமைப்புகள்

நான் பராமரிக்கும் பைத்தான் நூலகத்தில் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் குறிமுறைத் தொகுப்பில்) ஒரு விசித்திரமான பிழை என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. ஒரு கிளையண்டுக்கு (வெளிச் சேவையோடு பேசும் நிரல் பொருளுக்கு) மறுமுயற்சி எண்ணிக்கையை 3-லிருந்து 10 ஆக மாற்றினால், அதற்குச் சம்பந்தமே இல்லாத மற்றொரு கிளையண்டும் 10 முறை முயன்றது. தனியாக ஓட்டினால் சோதனைகள் எல்லாம் தேறின. சேர்த்து ஓட்டினால்தான் விழுந்தன.

இயல்பு அமைப்புகளை, பெயரையும் மதிப்பையும் இணைத்து வைக்கும் ஒரே டிக்‌ஷனரியில் வைத்து, எல்லாக் கிளையண்டுகளுக்கும் அதையே கொடுத்திருந்தேன். காப்பி போட்டால் தீரும் என்று நினைத்தேன், தீரவில்லை. சாதாரண காப்பி மேல் அடுக்கை மட்டுமே நகலெடுக்கிறது; உள்ளே இருந்த மறுமுயற்சி டிக்‌ஷனரி அப்போதும் பொதுவாகவே இருந்தது. உள் அடுக்குகளையும் நகலெடுக்கும் டீப்காப்பி போட்ட பிறகே பிழை நின்றது.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எவரும் எங்கிருந்தும் மாற்றக்கூடிய அமைப்பு மறுபடி ஒருநாள் காலை வாரும். ஆகவே டிக்‌ஷனரியையே கைவிட்டு, பைத்தான் 3.7-இல் வந்த, விருப்பங்களின் பெயர்களை முன்கூட்டியே அறிவிக்கும் டேட்டாகிளாஸுக்கு மாறினேன். ஃப்ரோஸன் (உறைந்தது) என்று அறிவித்தால், உருவான பின் மதிப்பை மாற்ற முயன்றதுமே பிழை எழும். உள் அமைப்பையும் அப்படியே உறையவைக்க வேண்டும், இல்லையேல் பழைய ஓட்டை மிஞ்சும். மாற்றம் தேவைப்பட்டால் ரீப்ளேஸ் என்ற செயல்கூறு மூலம், அந்த மதிப்பு மட்டும் மாறிய புதிய பிரதி எடுக்கிறேன்.

எதிர்பாராத பலனும் கிடைத்தது. விருப்பத்தின் பெயரை எழுத்துப்பிழையோடு கொடுத்தால் டிக்‌ஷனரி மௌனமாக விழுங்கிவிடும். டேட்டாகிளாஸ் உடனே மறுக்கிறது. அன்றே என் சொந்தக் குறிமுறையில் அப்படி இரண்டு பிழைகள் அகப்பட்டன.