ஸ்டீல் காயிலில் வெப்பநிலை ஏன் எகிறுகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உங்கள் மோடுக்குள், அதாவது மின்சிகரெட்டின் மின்கலமும் திரையும் உள்ள பெட்டிக்குள், வெப்பமானி எதுவும் கிடையாது. திரவத்தை (லிக்விட்) ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயில் சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும், எவ்வளவு கூடியது என்பதை வைத்து மோட் வெப்பநிலையைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். திரையில் தெரியும் 220 டிகிரி அந்தக் கணக்கின் விடை. தொடக்க எண் பிசகினால் விடையும் பிசகும், லிக்விடை ஊற வைக்கும் பஞ்சு கருகித் தொண்டை எரிந்த பிறகுதான் நமக்கு அது தெரியவரும். லிக்விடில் உள்ள கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் எல்லாம் உண்டாகும், அதனால் இதை வெறும் ருசிப் பிரச்சினை என்று விட முடியாது.

இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை, சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். இதை எழுதுவது, அனுமதி உள்ள நாடுகளில் சிகரெட்டை விட்டு இதற்கு மாறியவர்களுக்காக.

நிக்கல் கம்பி 200 டிகிரி ஏறினால் மின்தடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், அதனால் சின்னப் பிழைகள் அதில் அமுங்கிப்போகும். எஸ்எஸ் 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் ரகம் அப்படியில்லை. 20 டிகிரியில் 0.50 ஓம் காட்டும் காயில் 220 டிகிரியில் சுமார் 0.59 ஓம்தான். அந்த 0.09 ஓமுக்குள்தான் எல்லாமே நடக்கிறது, அளவில் 0.01 ஓம் தவறினாலே இருபது டிகிரிக்கு மேல் தள்ளிப்போகும்.

இதனால்தான் காயில் ஆறுவதற்கு முன்பே லாக் செய்வதை, அதாவது அப்போதைய மின்தடையைக் குளிர்ந்த அளவு என்று மோடில் பதிய வைப்பதை, எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்கிறேன். காயிலைச் சுற்றி, லேசாகச் சிவக்க வைத்துப் பார்த்து, சூட்டோடு சூடாகப் பஞ்சைப் போட்டு, புதுக் காயிலா என்று மோட் கேட்டதும் ஆம் என்று அழுத்திவிடுகிறோம். அந்த நேரத்தில் காயில் 60 டிகிரியில் இருந்தால், மோட் 0.518 ஓமைக் குளிர்ந்த அளவு என்று நம்பிவிடும், நீங்கள் 220 வைத்தாலும் உண்மையில் 267 வரை ஏறும். பத்துப் பதினைந்து நிமிஷம் அப்படியே வைத்துவிடுங்கள், தொட்டால் அறைச் சூட்டில் இருக்க வேண்டும், அப்புறம் லாக். பாதியில் டேங்கை (லிக்விடும் காயிலும் உள்ள பகுதி) கழற்றி மாட்டினாலும் இதே கதைதான். பனியில் வெளியே இருந்துவிட்டு வந்த கையோடு லாக் செய்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும், புகை சோர்ந்துவிடும்.

அடுத்தது கம்பியின் ரகம். ஸ்டீல் என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. 316எல் கம்பிக்கு டிசிஆர் (ஒரு டிகிரிக்கு மின்தடை கூடும் விகிதம்) சுமார் 0.00092, 304க்கு 0.00105, 430க்கு 0.00138. சில மோடுகளில் 0.00092க்குப் பதில் 92 என்று மட்டும் போட வேண்டியிருக்கும். 316எல் காயிலுக்கு 430இன் எண்ணைக் கொடுத்துவிட்டால் 220 என்று வைத்தது 320 டிகிரியைத் தொடும், அதற்குள் பஞ்சு கரியாகிவிடும். கம்பிச் சுருளின் மேல் இருக்கும் எண்ணைப் படித்து வையுங்கள். கிளாப்டன் கம்பியில் (ஒரு கம்பியின் மேல் மெல்லிய கம்பி சுற்றியது) உள்ளே ஸ்டீலும் வெளியே கான்தல் என்ற உலோகக் கலவையும் இருந்தால் எந்த எண்ணும் சரியாகப் பொருந்தாது, அதை வெப்பநிலைக்குப் பதில் மின்திறனை மட்டும் வைக்கும் வாட் முறையிலேயே பயன்படுத்துங்கள்.

ஓம் எண் நிலையாக நிற்காமல் ஆடினால் முதலில் திருகுகளை இறுக்குங்கள், டேங்க் மோடோடு சேரும் இடத்திலுள்ள 510 பின்னையும் திருகுமரையையும் துடையுங்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தாலும் எண் ஆடும், அதனால் இடைவெளி விட்டுச் சுற்றுவதே நல்லது. 0.15 ஓம் காயிலில் மொத்த ஏற்றமே 0.03 ஓமுக்குக் குறைவு, அதில் துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள். 0.4 முதல் 0.6 ஓம் வரை ஒற்றைக் காயில் வைத்தால் நிம்மதி.

எல்லாம் சரியா என்று பார்க்க, லிக்விட் இல்லாத உலர்ந்த பஞ்சை வைத்து, 200 டிகிரியில் இரண்டு மூன்று நொடி மட்டும் அழுத்துங்கள், உறிஞ்ச வேண்டாம். காயில் சிவக்கவே கூடாது. பஞ்சை உருவிப் பாருங்கள், கருப்பு தெரிந்தால் ஆற விட்டு மறுபடி லாக்கிலிருந்து தொடங்குங்கள்.