கையெழுத்து பொய்யா, சாவி இல்லையா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். 2020இல் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை 78ஆம் பதிப்புக்கு மாற்றிய மறுநாள் காலை, கணக்குப் பிரிவு அக்கா போனில் அழைத்தார். "தம்பி, ஜெர்மனி பையர் மெயிலில் கையெழுத்து சரியில்லை என்று வருகிறது. நூலுக்கு முன்பணம் கட்டவா, வேண்டாமா?"

மெயிலை அனுப்பியவர் அவர்தான், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் மின்னணுக் கையெழுத்தைத்தான் அக்கா சொன்னார். போய்ப் பார்த்தால் திரையில் இருந்தது 'உறுதியற்ற கையெழுத்து' என்ற எச்சரிக்கை. 'செல்லாத கையெழுத்து' என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் முதல் தவறு. முதலாவது, 'சரிபார்க்கத் தேவையான பொதுச்சாவி (அனுப்புபவர் மற்றவர்களுக்குத் தரும் சாவி) என்னிடம் இல்லை, அல்லது அதை நீங்கள் இன்னும் ஏற்கவில்லை' என்று தண்டர்பேர்ட் சொல்வது. பையர் மீது அதில் குற்றமே இல்லை.

அன்றைய தவறு என்னுடையது. 78க்கு முன்பு எனிக்மெயில் என்ற துணை நிரல், கணினியில் உள்ள ஜிபிஜி என்ற கையெழுத்து, மறையாக்க மென்பொருளின் சாவிக்கொத்தைப் பயன்படுத்தியது. 78 தனக்கென்று தனிச் சாவிக்கொத்து வைத்துக்கொண்டது. ஜிபிஜியில் சாவி பத்திரமாக இருந்தாலும் புதிய வீட்டுக்கு அது தானாக வந்துவிடாது. எனிக்மெயில் 2.2 இந்த இடமாற்றத்துக்காகவே வந்தது. அந்தப் படியை நான் செய்யாமல் விட்டுவிட்டேன்.

சாவியை ஏற்றியதும் அடுத்த பள்ளம்: எச்சரிக்கை தொலைந்தால் போதும் என்று 'ஏற்கிறேன்' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசம் என்பேன். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று போலி மெயில் அனுப்புகிறவனுக்கு இதைவிட வசதி வேறில்லை. சாவியின் கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியீடு, நாற்பது எழுத்து, நான்கு நான்காகப் பத்துத் தொகுதி. அதைப் போனில் படித்து ஒப்பிட வேண்டும். அந்த மெயிலிலேயே இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். பழைய ஃபைலில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். அக்கா படித்தபோது பி, சி, டி, ஈ எல்லாம் ஒரே மாதிரி கேட்டன. 'டி ஃபார் டெல்லி' என்று ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பக்கம் புரிந்தது. பத்து நிமிடம் ஆனது.

உண்மையிலேயே 'செல்லாத கையெழுத்து' என்று வந்தாலும் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். வழியில் ஏதாவது சர்வர், மெயிலின் அடியில் 'இது ரகசியச் செய்தி' என்று ஒரு வரி சேர்த்தாலே கையெழுத்து முறிந்துவிடும். ஃபைலையும் அதன் கையெழுத்தையும் தனித்தனி ஃபைல்களாக, ஜிப்பில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அது தேறினால் கோளாறு வழியில்தான். அதுவரை பணம் நகரக் கூடாது.

ஷா-1 என்ற பழைய சுருக்கக் கணக்கீட்டு முறையில் இட்ட பழைய கையெழுத்துகளும் தடுமாறலாம். 2017இல் அந்த முறை முறியடிக்கப்பட்ட பிறகு புதிய மென்பொருள்கள் அதை ஒதுக்கிவருகின்றன. அனுப்புபவரே தன் அமைப்பை மாற்ற வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்புவது தீர்வாகாது.

சுத்தம் செய்கிறேன் என்று பையரின் காலாவதியான பொதுச்சாவிகளை மட்டும் நீக்கிவிடாதீர்கள். 2018 ஆர்டருக்கு இன்று தகராறு வந்தால், அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க அந்தப் பழைய சாவிதான் வேண்டும்.