பழைய எம்ஜிபி காரில் ஆல்டர்னேட்டரின் மிகை மின்னூட்டத்தைக் கண்டறிதல்

லூகாஸ் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு மின்னூட்டும் கருவி) பொருத்திய எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில், பேட்டரியின் டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைவதும், பல்புகள் அடுத்தடுத்துக் கருகுவதும், அழுகிய முட்டை நாற்றம் வீசுவதும் மிகை மின்னூட்டத்தின் அடையாளங்களாகும். நாற்றம் இருந்தால் வெடிக்கக்கூடிய ஹைட்ரஜனும் உடனிருக்கும். எனவே எஞ்சினை நிறுத்தி, காற்றோட்டம் கிடைத்த பிறகே அருகில் செல்ல வேண்டும்.

முழு மின்னூட்டம் பெற்ற பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால், எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுழற்சி வேகத்தில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் உள்ளிருந்து மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். ஆயினும் உடனே புதியது வாங்க ஓட வேண்டியதில்லை: மின்னழுத்தத்தை உணரும் கம்பியின் இணைப்புகளில் துரு படிந்திருந்தால், ரெகுலேட்டர் உண்மையைவிடக் குறைந்த அளவையே உணர்ந்து, அதை ஈடுசெய்ய மேலும் மேலும் மின்னழுத்தத்தை உயர்த்தும். இணைப்புகளைத் துலக்கிய பின் மறுபடி அளப்பதே முறை.

வெப்பச் சேதத்தைக் காண ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டேட்டர் எனப்படும் சுழலாத கம்பிச் சுருளின் வார்னிஷ் கறுத்திருந்தாலோ, பிளக்கின் பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ அதைப் பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே நல்லது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சோதிக்கும் டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய மின்னாக்கி) காலத்துப் பழக்கம் இங்கே உதவாது. ஆல்டர்னேட்டரில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகள் நன்றாக இருந்தாலும் அவற்றையும் அது எரித்துவிடக்கூடும்.