தரைவழி ஒளிபரப்பு நின்ற வீட்டில் டி.டி. ஃப்ரீ டிஷ் பொருத்துவது எப்படி?

மொட்டைமாடியில் இரும்புக் குழாயின் உச்சியில் மீன்முள் போன்ற ஆன்டெனாவைக் கட்டி, "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று கீழே குரல் கொடுத்துக்கொண்டே திருப்பிய தலைமுறைக்கு, படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வந்தாலும் போதுமானதாக இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பிகள், முக்கியத்துவம் வாய்ந்த சுமார் 50 இடங்களில் உள்ளவை நீங்கலாக, 2022 மார்ச்சை இலக்காகக் கொண்டு கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்டன. கோபுரத்திலிருந்து வந்த அலை நின்றுபோன வீட்டில், மாதக் கட்டணம் எதுவும் இல்லாமல் மீண்டும் தொலைக்காட்சி பார்ப்பதற்குச் செயற்கைக்கோளை நோக்கி ஒரு டிஷ் தட்டைத் திருப்பி, தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவையான டி.டி. ஃப்ரீ டிஷ்ஷைப் பெறுவதே எளிய வழி. அதை ஆள் வைத்தும் செய்யலாம், நீங்களே செய்வதும் இயலாத காரியமல்ல.

வேலையில் இறங்குவதற்கு முன், இந்தியாவில் டிஜிட்டல் மாற்றத்தின் சுமை ஏன் செயற்கைக்கோளின் தோளில் விழுந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐரோப்பாவின் பல நாடுகளில் பழைய கோபுரங்களிலேயே டிஜிட்டல் ஒளிபரப்பிகளை வைத்தார்கள். மலை மறைப்பதால் கோபுரத்தின் அலை எட்டாத வீடுகளுக்குத் துணையாகத்தான் செயற்கைக்கோள் வந்தது. பிரிட்டனில் 2008இல் தொடங்கிய ஃப்ரீசாட்டும், இத்தாலியில் 2009இல் தொடங்கிய டிவூசாட்டும் அத்தகைய ஏற்பாடுகளே. இங்கே நிலைமை தலைகீழானது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு சில நகரங்களோடு நின்றுவிட, நாடு முழுவதும் ஒரே வீச்சில் எட்டும் வேலையைச் செயற்கைக்கோளே ஏற்றது. கேபிள் இணைப்பு வைத்திருப்பவர்களும் இதற்கு விலக்கல்லர்: கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையின் கூரையில் உள்ள பெரிய தட்டுகள் சேனல்களைச் செயற்கைக்கோளிலிருந்தே இறக்கிக்கொள்கின்றன, வீட்டுக்கு வருவதுதான் கம்பி வழியாக வருகிறது.

அனலாக் காலத்தில் செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டரை, அதாவது அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு பகுதியை, ஒன்றிரண்டு சேனல்களே அடைத்துக்கொண்டன. எண்களாக மாற்றிச் சுருக்கி அனுப்பும் முறை வந்த பின், அதே இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்களை ஏற்ற முடிந்தது. 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் 33 சேனல்களுடன் தொடங்கிய சேவைதான் பின்னர் ஃப்ரீ டிஷ் ஆனது. இன்று இதைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியன்-5 ஏவுகலத்தில் ஏவப்பட்டு, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. "நிற்கிறது" என்பது நம் கண்ணோட்டம். பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால்தான் நம் தட்டை ஒருமுறை திருப்பிவிட்டு மறந்துவிட முடிகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் இந்திச் சேனல்களே பெரும்பான்மை. டி.டி. தமிழ், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகையாக இருந்த அதே சேனல், இதில் கிடைக்கும். ஆனால் தமிழ்த் தனியார் சேனல்களை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் கட்டண டி.டி.எச். சேவையோ கேபிளோதான் பொருந்தும். எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு வாங்கினால் பின்னால் வருத்தம் இருக்காது.

வாங்க வேண்டியவை

60 செ.மீ. தட்டும் அதற்குரிய பிடியும், தட்டு குவிக்கும் அலையை வாங்கும் எல்.என்.பி. ஒன்றும் (கே.யூ. பேண்ட் என்ற அலைவரிசைக்கான யுனிவர்சல் வகை), ஆர்.ஜி.-6 கேபிளும், அதன் முனைகளில் திருக இரண்டு எஃப் கனெக்டர்களும், ஒரு செட் டாப் பாக்ஸும் தேவை. புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருக்கும். பின்பக்கத்தில் திருகு மரையுள்ள சாட்டிலைட் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாக்ஸ் வாங்கப் போகலாம். பழைய பெட்டி டிவிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் உள்ள ஏ.வி. கம்பி வழியாக இணைக்கும் பாக்ஸ் வேண்டும். மழை அதிகமுள்ள ஊரென்றால் 90 செ.மீ. தட்டு வாங்குவது என் பரிந்துரை: விட்டம் ஒன்றரை மடங்குதான், ஆனால் அலையை ஏந்தும் பரப்பு இரண்டேகால் மடங்கு.

கேபிளில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். தட்டின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி., மேலிருந்து வரும் 11,090 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து 9,750ஐக் கழித்து 1,340 மெகாஹெர்ட்ஸாக இறக்கிக் கேபிளுக்குள் அனுப்புகிறது. அந்த அதிர்வெண்ணில் மட்டமான கேபிள் ஒவ்வொரு மீட்டரிலும் அலையைத் தின்றுவிடும். அதே கேபிள் வழியாகத்தான் எல்.என்.பி.க்கு வேண்டிய மின்சாரமும் பாக்ஸிலிருந்து மேலே போகிறது. எனவே கேபிள் முனையைச் சீவும்போது பாக்ஸின் மின் இணைப்பைப் பிடுங்கி வைத்திருங்கள். வெளி உறையை நீக்கி, அதன் அடியில் உள்ள கம்பிப் பின்னலைப் பின்னுக்கு மடித்து, நடுக்கம்பி கனெக்டரின் வாயிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியுமாறு திருக வேண்டும். முடி போன்ற பின்னல் இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் குறுக்கே பாய்ந்து படம் வராது. அப்படி ஓர் இழையைக் கவனிக்காமல், தட்டில்தான் கோளாறு என்று நம்பி அரை நாள் வெயிலில் அதைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வானம் தெரிகிறதா என்று பார்த்தல்

தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், வானில் நல்ல உயரத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து வலமாக அளந்தால் சென்னைக்கு 134 பாகை, மதுரைக்கு 122, கன்னியாகுமரிக்கு 116. தொடுவானத்திலிருந்து அதன் ஏற்றம் மூன்று ஊர்களுக்குமே 68, 69 பாகையை ஒட்டித்தான் இருக்கும். தில்லியில் இது 52 பாகைதான். ஆகவே வடமாநிலத்தில் எடுத்த காணொளியைப் பார்த்து அதே சாய்வில் இங்கே வைத்தால் ஒன்றும் கிடைக்காது. இவ்வளவு உயரத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி: பக்கத்து வீட்டின் இரண்டாம் மாடி பெரும்பாலும் மறைக்காது. மறைப்பது தலைக்கு மேல் கவிந்திருக்கும் தென்னையும் மாமரமும்தான். ஈரமான இலைகள் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

மரம் குறுக்கே வருகிறதா என்பதைக் கருவி இல்லாமலே அறிய ஆண்டுக்கு இருமுறை வாய்ப்புண்டு. மார்ச் நடுவில் காலை ஏறத்தாழ பதினொன்றே கால் மணிக்கும், செப்டம்பர் கடைசியில் ஏறத்தாழ பதினொரு மணிக்கும், சென்னையிலிருந்து பார்க்கும்போது சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் தட்டு வைக்கப்போகும் இடத்தில் வெயில் அடித்தால் வழி திறந்திருக்கிறது. நிழல் விழுந்தால் எது நிழல் தருகிறதோ அதுவே தடை. அந்த நாட்களில் சில நிமிடங்கள் படம் தானாகவே மறைந்து திரும்புவதும் இதனால்தான். சூரியனின் இரைச்சல் செயற்கைக்கோளின் மெல்லிய குரலை அமுக்கிவிடுகிறது. மெக்கானிக்கை அழைக்க வேண்டியதில்லை.

கம்பமும் திசையும்

கம்பம் செங்குத்தாக நிற்பதே பாதி வேலை. ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் போதாது. கம்பத்தைச் சுற்றிக் கால் வட்டம் நகர்ந்து இரண்டாம் பக்கத்திலும் பார்க்க வேண்டும். கம்பம் சாய்ந்திருந்தால், தட்டை இடவலமாகத் திருப்பும்போது அதன் ஏற்றமும் சேர்ந்து மாறிக்கொண்டே போகும், எதைச் சரிசெய்கிறோம் என்பதே புரியாது. கைப்பிடிச்சுவர் ஆடாத கான்கிரீட்டாக இருந்தால் அதில் பிடியை அறையலாம்; வெறும் செங்கல் சுவரின் உச்சியில் வேண்டாம்.

திசைக்குக் கைபேசியின் திசைகாட்டி போதும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் கம்பத்தை ஒட்டி நின்று பார்த்தால் அதன் இரும்பே முள்ளை இழுத்துவிடும். நாலைந்து அடி தள்ளி நின்று திசையைக் குறித்துக்கொண்டு, தொலைவில் ஒரு கட்டடத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தை அமைக்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. நாம் வாங்கும் தட்டுகள் ஆஃப்செட் வகை, எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டு பார்க்கும் திசைக்கும் அலை வரும் திசைக்கும் இடையில் இருபது இருபத்தைந்து பாகை வேறுபாடு இருக்கும். 68 பாகைக்கு வைத்த தட்டு கண்ணுக்கு வானத்தைப் பார்ப்பது போலவே தோன்றாது, பாதிதான் மல்லாந்திருக்கும். பிடியில் அச்சிட்ட அளவுகோல் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கழித்தே இருக்கும் என்பதால், கண்ணை நம்பாமல் அளவுகோலை நம்புங்கள்.

பாக்ஸில் அமைப்பதும் அலையைப் பிடிப்பதும்

சின்ன டிவி ஒன்றைப் பாக்ஸோடு மாடிக்கே கொண்டுபோய்விட்டால் வேலை பாதியாகக் குறையும். இன்ஸ்டலேஷன் மெனுவில் 93.5 பாகைக்குரிய செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுத்து, எல்.என்.பி. அதிர்வெண்ணை 9750/10600 என்றும், டிரான்ஸ்பாண்டரை 11090 என்றும், போலரைசேஷனை, அதாவது அலை அதிரும் வாக்கை, வெர்ட்டிகல் (செங்குத்து) என்றும், சிம்பல் ரேட்டை 29500 என்றும் வையுங்கள். திரையின் அடியில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் என்பது எல்.என்.பி.க்கு உயிர் இருக்கிறது, கேபிள் சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் அதிகம் சொல்லாது. தட்டைச் சுவரைப் பார்க்க வைத்தாலும் அது பாதிக்கு நிற்கும். பார்க்க வேண்டியது குவாலிட்டியை.

ஏற்றத்தை அளவுகோலில் நிறுத்தி, குறித்த திசைக்குச் சற்று இடப்புறம் தொடங்கி, தட்டை மெல்ல வலப்புறம் நகர்த்துங்கள். எவ்வளவு மெல்ல என்பதற்கு ஒரு கணக்கு: 60 செ.மீ. தட்டின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் அதன் பார்வை ஒரு பாகை மாறுகிறது. அந்த ஒரு பாகை, செயற்கைக்கோள் இருக்கும் தொலைவில் 600 கிலோமீட்டருக்கும் மேல். 95 பாகையில் இன்னொரு டி.டி.எச். செயற்கைக்கோள், 91.5 பாகையில் மற்றொன்று என அக்கம்பக்கத்தார் நெருக்கமாகவே இருக்கிறார்கள். டிஜிட்டல் பெட்டி அலையைப் பூட்டிக்கொள்ள இரண்டு மூன்று விநாடிகள் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு சிறு நகர்வுக்குப் பிறகும் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் சுழற்றுபவர்கள் சரியான இடத்தைப் பலமுறை கடந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு முழு வீச்சில் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஏற்றத்தை ஒரு பாகை மாற்றி மறுபடி தொடங்குங்கள்.

குவாலிட்டி எட்டிப் பார்த்ததும் சேனலைப் போட்டுப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இறங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அனலாக்கில் அலை குறையக் குறையப் படம் மங்கிக்கொண்டே போகும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை படம் பளிச்சென்றே இருக்கும், அதற்குக் கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாகப் போய்விடும். ஆகவே இன்று வெயிலில் தெளிவாக இருக்கும் படம், நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்களா, பத்தடி உள்ளே நிற்கிறீர்களா என்பதைச் சொல்லாது. குவாலிட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டே திசையில் உச்சம், பிறகு ஏற்றத்தில் உச்சம், மறுபடி திசையில் உச்சம் என்று தேட வேண்டும். அதன்பின் எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் சிறிது சிறிதாக இருபுறமும் சுழற்றிப் பாருங்கள். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாததால் அதன் செங்குத்து அலை நமக்குச் சாய்வாக வந்து சேர்கிறது. தெற்கே போகப்போக இந்தச் சாய்வு கூடும். தட்டைத் திருப்பிப் பெறாத பத்துப் பதினைந்து எண்கள் இந்தச் சுழற்சியில் கிடைப்பதுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் படம் நிற்குமா, போகுமா என்பதை முடிவுசெய்வது இந்த மிச்சம்தான்.

நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்கினால் தட்டு நகர்ந்துவிடும். மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் எண்ணைப் பாருங்கள். எல்.என்.பி.யின் கனெக்டருக்கு ரப்பர் மூடி போட்டு, கேபிளைத் தட்டின் கைக்குக் கீழே ஒரு தொங்கலாக வளைத்துவிட்டால் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கேபிள் வழியே வீட்டுக்குள் இறங்காது. கம்பத்தைத் தரை இணைப்போடு சேர்ப்பதும், இடி மின்னலின்போது கேபிளைப் பாக்ஸிலிருந்து கழற்றுவதும் பழைய ஆன்டெனாவுக்குச் செய்த அதே காரியங்கள்தாம்.

கடைசியாகப் பாக்ஸைக் கீழே இணைத்து ஆட்டோ ஸ்கேன் கொடுங்கள். சேனல்களுக்கான இடங்கள் ஏலம் விடப்படுவதால் ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் அவ்வப்போது மாறும். ஒரு சேனல் திடீரென்று காணாமல் போனால் மாடிக்கு ஓடாமல் மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். பெருமழையில் எல்லாச் சேனல்களும் சேர்ந்து போனால் மழை விடும்வரை காத்திருங்கள், தட்டைத் தொடாதீர்கள். மழை விட்ட பிறகும் வரவில்லையென்றால்தான் தட்டு நகர்ந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அதற்காகவே, இறுக்கி முடித்த அன்றே கம்பத்தின் மீதும் பிடியின் மீதும் சேர்ந்தாற்போல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அடுத்த முறை ஏறிப் பார்க்கும்போது கோடு ஒன்றாக இருந்தால் ஸ்பானரைக் கையில் எடுக்காமல் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கலாம்.