மூச்சுப் பழக ஒரு காற்றாடி

பேச்சு வராத பிள்ளைக்கு பதற்றம் வரும்போது மூச்சை மெதுவாக விட்டு அமைதியாகப் பழக்க, சித்திரைத் திருவிழாவில் விற்கும், ஊதினால் சுற்றும் காகிதக் காற்றாடி போதும். நீங்கள் முதலில் ஊதிக் காட்டுங்கள்.

மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும். காற்றாடி சுற்றுவதைப் பார்த்தே, தான் செய்வது சரி என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஆனால் அமைதியாக இருக்கும்போதுதான் பழக்க வேண்டும், தினமும் 5, 6 ஊதல். அழுகையின் நடுவே நீட்டினால் காற்றாடி பறந்துபோய் விழும், அவ்வளவுதான். அப்புறம் அதன் படத்தை ஓர் அட்டையில் ஒட்டிப் பையில் வையுங்கள். மாட்டுத்தாவணி பேருந்து நிலைய நெரிசலிலும் பிள்ளை அதைத் தொட்டுக் காற்றாடியைக் கேட்கலாம்.

பசி, காதுவலியால் அழுகிறது என்றால் இது உதவாது; முதலில் அதைக் கவனியுங்கள். கையில் கிடைத்ததை வாயில் போடும் பிள்ளைக்கும் வேண்டாம், நடுவில் குண்டூசி இருக்கும்.