முத்துசாமியை எத்தனை விதமாகத் தேடுவது?

லாயர் ஆபீஸில் எனக்குப் பதினாறு வருஷம். பழைய தீர்ப்பு, பழைய பேப்பர், எதைத் தேடுவதென்றாலும் என் மேசைக்குத்தான் வரும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கட்சிக்காரர் பெயரை அப்படியே தட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் வரலக்கா’ என்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசில்லாமல் கிடைப்பதை முதலில் பாருங்கள். சட்டத்தின் வாசகம் வேண்டுமென்றால் அரசின் சட்டத் தளமான சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன் போதும். பழைய தேதியில் சட்டம் எப்படி இருந்தது என்றும் அங்கே பார்க்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: சட்டங்களின் 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்தபோது, சட்டத்தின் பெயரோடு வரும் அத்தியாய எண் போய் ஆண்டு வந்தது. கம்பெனிச் சட்டம் பழைய தீர்ப்புகளில் ‘கேப் 50’ (அத்தியாயம் 50), புதியவற்றில் ‘1967’. ஒன்றை மட்டும் தட்டினால் பாதி தீர்ப்புகள் கண்ணில் படாது.

தீர்ப்புகளை நீதிமன்றமே ஈலிட்டிகேஷன் தளத்தில் போடுகிறது. ஒரு வழக்குக்கு இரண்டு முகவரி, அதாவது மேற்கோள் எண், இருக்கலாம். கவனக்குறைவு வழக்குகளில் எல்லாரும் காட்டும் ஸ்பான்டெக் தீர்ப்பு, நீதிமன்றம் தந்த எண்ணில் [2007] எஸ்ஜிசிஏ 37. அதுவே தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் சட்ட அறிக்கையில் [2007] 4 எஸ்எல்ஆர்(ஆர்) 100. இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

பிறகு எதற்குக் காசு கட்டி லாநெட், லெக்சிஸ் போன்ற சட்டத் தேடல் தளங்கள்? ஒரு தீர்ப்புக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான். சேர்ந்த புதிதில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை இலவசத் தளத்திலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானதை எதிர்த்தரப்பு வக்கீல்தான் எழுந்து சொன்னார். எங்கள் பாஸ் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போதெல்லாம் ஒரு தீர்ப்பைப் பின்னர் யார் எடுத்துக்காட்டினார்கள், யார் மறுத்தார்கள் என்று பார்க்காமல் ஒரு தாளும் என் கையைவிட்டுப் போகாது.

சந்தா இல்லாதவர்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்வளப் பட்டியலைப் பார்க்கலாம். நூலக அடையாளத்தோடு வீட்டிலிருந்தே திறப்பவை சில. நூலகக் கணினியில் மட்டும் திறப்பவை சில. கிளம்புமுன் அதைப் பார்த்துவிட்டால் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கு வீண் நடை மிச்சம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா மகன் தன் லாகினைத் தருகிறேன் என்றான். வேண்டாமென்றேன். அந்த உரிமம் படிப்புக்குத் தந்தது. ஆபீஸ் வேலைக்கு எடுத்தால் மாட்டிக்கொள்வது அவன்தான்.

செய்திக்கு, பல பேப்பர்களை ஒரே இடத்தில் தேடும் ஃபேக்டிவா தளம். நூறு பேப்பரில் ஒரே ஏஜென்சிச் செய்தி வரும். நூறு ஆதாரம் என்று எண்ணிவிடாதீர்கள். தேடும் குறியீடுகளும் தளத்துக்குத் தளம் மாறும். இரண்டு சொற்களுக்கு நடுவே ‘டபிள்யூ/5’ போட்டால் லெக்சிஸ் முன்பின் பார்க்காமல் ஐந்து சொல்லுக்குள் தேடும். ஃபேக்டிவாவிலோ அது நீங்கள் தட்டிய வரிசையில்தான் தேடும். வரிசை முக்கியமில்லை என்றால் ‘நியர்5’ போட வேண்டும்.

நம்மவர் பெயர்தான் பெரிய தலைவலி. சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம், 1950களில் கூட்டு வியாபாரம் கலைந்த அறிவிப்பைக் கேட்டு வந்தது. நூலக வாரியத்தின் பழைய பேப்பர் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் 1980களின் முடிவு வரை வந்த பேப்பர்களை வீட்டிலிருந்தே புரட்டலாம். கடைக்காரர் பெயரை ஆங்கிலத்தில் முத்துசாமி என்று தட்டினேன், இல்லை. கடைசி எழுத்தை ஒய்யிலிருந்து ஐயாக்கினேன், சாமியைச் ‘ஸ்வாமி’ ஆக்கினேன், இரண்டாகப் பிரித்தேன், வெள்ளைக்காரன் எழுதுவதுபோல் ‘யூ’ எழுத்துக்குப் பதில் இரண்டு ஓ போட்டேன். பிறகுதான் உறைத்தது: பழைய அச்சை ஸ்கேன் செய்து கணினி படிக்கும்போது ‘எம்’ பல சமயம் ‘ஆர்’, ‘என்’ என்று இரண்டு எழுத்தாகிவிடும். பெயரின் நடு எம்மை அப்படிப் பிரித்துத் தட்டினேன். விளம்பரப் பக்கங்களை மட்டும் காட்டச் சொன்னேன். இப்படிப்பட்ட அறிவிப்புகள் ‘பக்கம் 8 விளம்பரங்கள், பத்தி 2’ என்பதுபோலத் தலைப்பில்லாமல் கிடக்கும். செய்திகளுக்குள் தேடினால் வராது.

நாலு வரி அறிவிப்பு. கட்சிக்காரர் பிரிண்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“தங்கச்சி, அப்பா கடைப் பேர்ல ஒரு எழுத்த விட்டுட்டானே இந்தப் பேப்பர்காரன்” என்றார்.